இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஒற்றர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவாளி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஹிட்லர் காலம், இல்லையென்றால் அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம். இரண்டுக்கும் முன்னால் ஓர் இருபது வருடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒற்றர் வரலாற்றில் சுவாரசியமான பகுதி அதுதான். பெரிய பெரிய அரசாங்கங்கள் பொய்க் கடிதத்தை நம்பின, மெய்யான ஆவணத்தைத் தூக்கி எறிந்தன. இதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த வருடங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்றதிலிருந்து 1939 செப்டம்பரில் இரண்டாவது தொடங்கியது வரை.

போரே இல்லாத காலத்தில் ஒற்றருக்கு என்ன வேலை?

போர் இல்லை என்று பெயர்தான். ரஷ்யாவில் 1917-ல் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் புரட்சி உலகம் முழுக்கப் பரவும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்காகவே 1919-ல் மாஸ்கோவில் கொமின்டர்ன் என்ற கம்யூனிஸ்ட் அகிலத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் தோற்றுப்போன ஜார் காலத்துத் தளபதிகளும் பிரபுக்களும் பாரிஸிலும் பெர்லினிலும் பெல்கிரேடிலும் அமர்ந்து, அடுத்த வருடம் ஊர் திரும்பிவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தார்கள். வெள்ளை ரஷ்யர்கள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் இந்தக் கதையில் அடிக்கடி வருவார்கள்.

இன்னொரு பக்கம் ஜெர்மனி. ஒரு லட்சம் பேருக்கு மேல் படை வைக்கக் கூடாது, போர் விமானம் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. ஜெர்மானியர்கள் சோவியத் மண்ணிலேயே, லிப்பெட்ஸ்க் என்ற ஊரில், ரகசியமாக விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். மறைப்பதற்கு இவ்வளவு இருந்தால் வேவு பார்க்கவும் வேலை இருக்கத்தானே செய்யும்?

ஒற்றர் தலைவர்கள் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பிரிட்டனில் 1909-ல் தொடங்கிய ரகசியப் பணியகம் இரண்டாகப் பிரிந்தது. உள்நாட்டுப் பக்கம் வெர்னான் கெல். அதுதான் பிறகு எம்.ஐ.5 ஆனது. வெளிநாட்டுப் பக்கம் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங், அதுதான் எம்.ஐ.6. கெல் 1909-லிருந்து 1940 வரை அதே நாற்காலியில் இருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்ப சர்ச்சில் பிரதமராக வரவேண்டியிருந்தது. கம்மிங் 1923-ல் இறந்ததும் அட்மிரல் ஹ்யூ சின்க்ளேர் வந்தார்.

மாஸ்கோவில் எதிரி ஒற்றர்களைப் பிடிக்கும் பிரிவுக்கு ஆர்த்தூர் ஆர்துஸோவ். அவரைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன். இந்தக் காலத்தின் மகா கெட்டிக்காரர் அவர்தான் என்பது என் எண்ணம். ஜெர்மனியில் ராணுவ உளவுத்துறையான அப்வேரை 1935 ஜனவரி 1 அன்று, தன் 48-வது பிறந்தநாளில், வில்ஹெல்ம் கனாரிஸ் ஏற்றுக்கொண்டார்.

பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர் கதை உண்மையா?

உண்மை. கம்மிங் தன் குடும்பப் பெயரின் முதல் எழுத்தான 'C'-யை மட்டும் பச்சை மையில் போடுவார். அந்த ஒற்றை எழுத்தே பிறகு எம்.ஐ.6 தலைவரின் பதவிப்பெயராகிவிட்டது, பச்சை மைப் பழக்கமும் தொடர்கிறது. 1914-ல் பிரான்சில் நடந்த கார் விபத்தில் அவருடைய மகன் இறந்தார், அவர் ஒரு காலை இழந்தார். சிக்கிய காலைத் தானே பேனாக்கத்தியால் அறுத்துக்கொண்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. உளவுத்துறைக் கதைகளுக்கு இப்படிக் கை கால் முளைப்பது சகஜம். மருத்துவர்கள்தான் எடுத்தார்கள்.

இவர்களிடம் எத்தனை ஆள், எவ்வளவு பணம் இருந்தது?

சிரிப்பு வரும். முதல் உலகப் போர் முடிந்தபோது எம்.ஐ.5-ல் 800 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1920களின் கடைசியில் அதிகாரிகள் மட்டும் என்று எண்ணினால் ஒரு டஜனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

எம்.ஐ.6 ஆட்கள் வெளிநாட்டுத் தலைநகரங்களில் கடவுச்சீட்டு அதிகாரி என்ற போர்வையில் உட்கார்ந்திருந்தார்கள். விசா கட்டணம் வரும், அதில் அலுவலகம் ஓடும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே போர்வை என்பதால் எதிராளிக்குத் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று. அதோடு 1930களில் யூதர்கள் ஜெர்மனியைவிட்டு ஓட ஆரம்பித்ததும் இந்த அலுவலகங்களின் வாசலில் வரிசை நீண்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்த அதிகாரி அந்த விசாப் பணத்தில் கைவைத்து, கணக்குச் சிக்கியதும் 1936-ல் தற்கொலை செய்துகொண்டார். பெர்லினில் அதே பதவியில் இருந்த ஃபிராங்க் ஃபோலி சட்டத்தை எவ்வளவு வளைக்கலாமோ அவ்வளவு வளைத்து விசா கொடுத்தார். சுமார் 10,000 யூதர்கள் அவரால் பிழைத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். வேவு பார்த்ததைவிட முத்திரை குத்தியதில்தான் அவர் பெயர் நின்றது.

'டிரஸ்ட்' என்கிறார்களே, அது என்ன?

சோவியத் ரகசியப் போலீஸ் தானே உருவாக்கி நடத்திய ஒரு போலி எதிர்ப்பு இயக்கம். 1921-லிருந்து 1927 வரை ஓடியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலெக்ஸாண்டர் யாகுஷேவ் என்று ஓர் அதிகாரி. ஜார் காலத்தில் போக்குவரத்துத் துறையில் பெரிய உத்தியோகம். புரட்சிக்குப் பிறகும் அதே வேலை, மனசு மட்டும் பழைய ராஜாவிடம். 1921 நவம்பரில் அலுவல் காரணமாக எஸ்டோனியா போனவர், அங்கே ஒரு பழைய நண்பரிடம் வாய்விட்டுப் பேசிவிட்டார்: ரஷ்யாவுக்குள் எங்களைப் போல் பலர் இருக்கிறோம், காலம் வரும் என்று. நண்பர் உற்சாகத்தில் அதைக் கடிதமாக எழுதி அனுப்ப, கடிதம் மாஸ்கோ ரகசியப் போலீஸ் கையில் போய்ச் சேர்ந்தது. யாகுஷேவ் கைதானார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆளைச் சுட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆர்துஸோவின் ஆட்கள் யாகுஷேவை உட்காரவைத்துப் பேசினார்கள். கடைசியில் அவர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். அவர் ஆசைப்பட்ட ரகசிய இயக்கத்தை அவர்களே ஆரம்பித்துக் கொடுத்தார்கள்! மத்திய ரஷ்ய முடியாட்சி அமைப்பு என்று பெயர். வெளிப்பார்வைக்கு அது மாஸ்கோ நகராட்சிக் கடன் சங்கம். 'டிரஸ்ட்' என்ற பெயர் அப்படி வந்தது.

அதன் பிறகு யாகுஷேவ் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். "நாங்கள் உள்ளே பலமாக இருக்கிறோம். நீங்கள் வெளியிலிருந்து அவசரப்பட்டுக் குண்டு கிண்டு வைத்துக் காரியத்தைக் கெடுக்காதீர்கள்" என்பதுதான் அவர் கொண்டுபோன செய்தியின் சாரம். நாடிழந்த தளபதிகளுக்கு இது தேனாக இனித்தது. தாங்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டதல்லவா? ஆறு வருடம் அவர்களைச் சும்மா உட்காரவைத்தது, என் பார்வையில், அந்த இயக்கத்தின் பெரிய சாதனை. ஆள் பிடித்ததெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

சிட்னி ரெய்லி இதில்தான் மாட்டினாரா?

ஆமாம். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர், இயற்பெயர் ரோசன்ப்ளூம் என்பது பலர் ஏற்கும் கணிப்பு. 1918-ல் பிரிட்டனுக்காக மாஸ்கோவில் வேலை செய்தபோது லெனின் ஆட்சியையே கவிழ்க்கப் பார்த்தவர். 1925 வாக்கில் எம்.ஐ.6 அவரைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. கடன், தோற்றுப்போன வழக்கு, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில்தான், பால்டிக் பகுதியிலிருந்த ஒரு பழைய எம்.ஐ.6 சகா 'உள்ளே ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது' என்று எழுதினார்.

1925 செப்டம்பரில் ரெய்லி ஃபின்லாந்து போய் யாகுஷேவைச் சந்தித்தார். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்தார்கள். 25-ம் தேதி இரவு எல்லை ஆற்றைக் கடந்தார். மாஸ்கோவுக்கு வெளியே ஒரு வீட்டில் 'இயக்கத் தலைவர்கள்' விருந்து வைத்தார்கள், திட்டங்களைக் கேட்டார்கள். வெளிநாட்டு நண்பர்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டும் என்றார், எழுதவிட்டார்கள். அப்புறம்தான் கைது.

கைது வெளியே தெரிந்தால் டிரஸ்டின் சாயம் வெளுத்துவிடுமே? அதற்காக எல்லையில் ஒரு நாடகம் நடந்தது. அவர் திரும்பி வரவேண்டிய இரவில் துப்பாக்கிகள் வெடித்தன, ஆட்கள் அலறினார்கள். தற்செயலாக வந்த ரோந்துப் படையிடம் சிக்கிச் செத்துவிட்டார்கள் என்று ஃபின்லாந்துப் பக்கம் நினைத்துக்கொண்டது. ரெய்லியை எல்லை தாண்டக் கூட்டிவந்த காவலர் தொய்வோ வாஹா உண்மையில் மாஸ்கோவின் ஆள். நாடகம் நம்பும்படி இருக்கவேண்டும் என்பதற்காக அவரையும் கைதானவர்போல் மறைத்து, பெயரை மாற்றி, தொலைவான வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். 1925 நவம்பர் 5 அன்று மாஸ்கோவை ஒட்டிய சோகோல்னிகி காட்டில் ரெய்லியைச் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு பேர் எப்படி ஏமாந்தார்கள்? சரிபார்க்கவே இல்லையா?

பார்த்தார்கள். அங்கேதான் விஷயமே. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொருவனை வைத்துச் சோதி, மூன்று பேர் தனித்தனியே சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்பது நம் ஊரில் ரொம்பப் பழைய பாடம். ஆனால் அந்த மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. எஸ்டோனியாவும் போலந்தும் ஃபின்லாந்தும் தங்களுக்குக் கிடைத்த தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அச்சு அசலாக ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? எல்லாம் மாஸ்கோவில் ஒரே அறையில் எழுதியவை. காசு கொடுத்து வேறு வாங்கினார்கள்.

இதைவிட வேடிக்கை வசிலி ஷுல்கின் கதை. 1917-ல் ஜாரின் பதவி விலகல் கடிதத்தை நேரில் வாங்கிவந்த இருவரில் ஒருவர். 1925 டிசம்பரில் டிரஸ்ட் இவரைத் திருட்டுத்தனமாக ரஷ்யாவுக்குள் கூட்டிப்போய், கீவ், மாஸ்கோ, லெனின்கிராடு என்று மூன்று ஊரையும் சுற்றிக்காட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்பியது. நாடு அப்படியொன்றும் செத்துவிடவில்லை என்று அவர் பயணநூல் எழுதினார். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன், இயக்கத் தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், கையெழுத்துப் பிரதியை டிரஸ்டிடமே அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டார். அதாவது வெள்ளை ரஷ்யர் ஒருவரின் நூலை சோவியத் போலீஸ் திருத்திக் கொடுத்தது.

சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 1926-ல் போலந்தில் ஆட்சியைப் பிடித்த பில்சுட்ஸ்கி, 'அவ்வளவு பெரிய இயக்கம் என்றால் செம்படையின் அணிதிரட்டல் திட்டத்தை வாங்கி வாருங்கள் பார்க்கலாம்' என்று கேட்டார். வந்த தாளைப் பார்த்ததும் போலி என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஏப்ரலில் டிரஸ்டின் முக்கியப் புள்ளி ஓப்பர்புட் ஃபின்லாந்துக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். கடை மூடப்பட்டது.

டிரஸ்ட் போனபின் வெள்ளை ரஷ்யர்களை விட்டுவிட்டார்களா?

இல்லை, முறை மாறியது. ஏமாற்றுவது போய்க் கடத்துவது வந்தது. 1930 ஜனவரியில் பாரிஸ் நடுத்தெருவில் வெள்ளை ரஷ்யப் படையினர் அமைப்பின் தலைவர் தளபதி குத்தேபோவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் இடத்துக்கு வந்த தளபதி மில்லரை 1937 செப்டம்பரில் அதே பாரிஸில் கடத்தினார்கள். மில்லர் கொஞ்சம் முன்யோசனைக்காரர். 'ஸ்கோப்ளின் என்னை ஒரு சந்திப்புக்குக் கூப்பிடுகிறார், இது பொறியாகவும் இருக்கலாம்' என்று துண்டுச்சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த ஸ்கோப்ளின், மாஸ்கோவுக்கு ரகசியமாக வேலை செய்த வெள்ளை ரஷ்யத் தளபதி. அவர் மாயமானார். அவர் மனைவி நதேழ்தா பிளெவீத்ஸ்கயா, ஜாரின் முன்னால் பாடிப் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகி. பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு 20 வருடம் கொடுத்தது. 1940-ல் சிறையிலேயே இறந்தார்.

சினோவியேவ் கடிதம் உண்மையானதா, போலியா?

போலி. 1924-ல் பிரிட்டனில் முதல் தொழிற்கட்சி அரசு. ராம்சே மக்டொனால்டு பிரதமர். அக்டோபர் 29 தேர்தல். நான்கு நாள் முன்னதாக டெய்லி மெயில் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது: கொமின்டர்ன் தலைவர் சினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளிடம் ராணுவத்துக்குள் ஊடுருவச் சொல்கிறாராம். எம்.ஐ.6-ன் ரிகா நிலையம் அனுப்பிய சரக்கு அது. யாரோ வெள்ளை ரஷ்யர்கள் கைவேலை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையே தன் வரலாற்றாசிரியரை விட்டு ஆராயவைத்து, 1999-ல் அறிக்கை வெளியிட்டது.

அந்தக் கடிதம்தான் தொழிற்கட்சியைத் தோற்கடித்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். போன தேர்தலைவிட அவர்களுக்குச் சுமார் பத்து லட்சம் வாக்கு கூடத்தான் விழுந்தது. சரிந்தது லிபரல் கட்சி. அந்த வாக்கு கன்சர்வேட்டிவ்களிடம் போய்விட்டது.

பிரிட்டன் சோவியத் தந்திகளைப் படித்துக்கொண்டிருந்தது என்பது நிஜமா?

நிஜம். 1919-ல் தொடங்கிய சங்கேதத் துறையில், முன்பு ஜாருக்காக வேலை பார்த்த ஃபெட்டர்லைன் என்ற நிபுணர் வந்து சேர்ந்திருந்தார். மாஸ்கோ தன் லண்டன் தூதரகத்துக்கு அனுப்பும் தந்திகள் இவர்கள் மேசையில் தெளிவாக விரிந்தன.

அந்தப் பொக்கிஷத்தைக் கெடுத்தது எதிரி அல்ல. 1923-லேயே வெளியுறவு அமைச்சர் கர்சன் ஒரு கண்டனக் கடிதத்தில் அந்தத் தந்திகளிலிருந்து வரிக்கு வரி எடுத்துக்காட்டினார். அப்போதும் மாஸ்கோ முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. 1927 மே 12 அன்று லண்டனில் ஆர்க்கோஸ் என்ற சோவியத் வணிக நிறுவனத்தில் போலீஸ் புகுந்தது. காணாமல்போன ஒரு ராணுவ ஆவணத்தைத் தேடிப் போனார்கள். நான்கு நாள் பெட்டகங்களைத் துளைத்தும் அது கிடைக்கவில்லை. வெறுங்கையோடு நாடாளுமன்றத்துக்குப் போக முடியுமா? சரி என்று பிரதமர் பால்டுவின், உடைத்துப் படித்த தந்திகளையே சபையில் வாசித்துவிட்டார். மாஸ்கோ உடனே ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் சாவித்தாள்களுக்கு மாறியது. முறையாகப் பயன்படுத்தினால் அவற்றை உடைக்கவே முடியாது. சங்கேத அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்கா இந்த ஆட்டத்தில் இருந்ததா?

கொஞ்ச காலம். ஹெர்பர்ட் யார்ட்லி நியூயார்க்கில் ஒரு சங்கேத அலுவலகம் நடத்தினார். 1921-22 வாஷிங்டன் கடற்படை மாநாட்டில் அமெரிக்காவின் 10 போர்க்கப்பலுக்குத் தனக்கு 7 என்று கேட்டுப் பிடிவாதம் பிடித்த ஜப்பான், நெருக்கினால் 10-க்கு 6-க்கே இறங்கிவரும் என்று தந்தியைப் படித்துச் சொன்னார். 1929-ல் புதிதாக வந்த வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது கண்ணியமானவர் வேலையல்ல என்று கருதிப் பணத்தை நிறுத்தினார். வேலையிழந்த யார்ட்லி 1931-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டுவிட்டார்.

உண்மையான தகவலை நம்பாமல் விட்டதுண்டா?

அதற்கு ஜெர்ஸி சோஸ்னோவ்ஸ்கியைவிட வேறு ஆள் வேண்டாம். போலந்துக் குதிரைப்படை அதிகாரி. 1926-ல் பெர்லின் போய், குதிரைப் பந்தயம், விருந்து என்று பிரபுவாக வலம் வந்தார். பெனிட்டா ஃபான் ஃபால்கன்ஹைன் அவர் காதலி. அவர் மூலமாக ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்த ரெனாட்டே ஃபான் நாட்ஸ்மர் போன்ற பெண்கள் வலையில் விழுந்தார்கள். வருடக்கணக்கில் அசல் ஆவணங்கள் வார்சாவுக்குப் போயின.

வார்சாவில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவனுக்கு இவ்வளவு சரக்கு எப்படிக் கிடைக்கும், ஜெர்மானியர்களே கொடுத்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். 1934-ல் அவர் பெர்லினில் பிடிபட்டார். 1935 பிப்ரவரி 18 அன்று பெனிட்டாவையும் ரெனாட்டேயையும் கோடரியால் தலையை வெட்டிக் கொன்றது நாஜி அரசு. அதற்குப் பிறகும் வார்சாவின் சந்தேகம் தீரவில்லை. 1936-ல் கைதிகள் மாற்றத்தில் ஊர் திரும்பிய சோஸ்னோவ்ஸ்கியை விசாரித்து, 1939-ல் துரோகி என்று 15 வருடம் சிறை விதித்தார்கள். போலித் தகவலுக்காக யாராவது இரண்டு பெண்களின் தலையை வாங்குவார்களா என்று அங்கே ஒருவருக்கும் தோன்றாமல் போனதா, தெரியவில்லை.

இனிக்மா கதையும் இந்தக் காலத்தில்தானா?

தொடக்கம் இங்கேதான். ஜெர்மன் சங்கேத அலுவலகத்தில் வேலை பார்த்த ஹான்ஸ்-திலோ ஷ்மிட் பணமுடையில் 1931-ல் ஜெர்மன் ராணுவத்தின் சங்கேத இயந்திரமான இனிக்மாவின் கையேட்டைப் பிரெஞ்சுக்காரர்களிடம் விற்றார். அவர்கள் தங்களுக்குப் பயனில்லை என்று போலந்திடம் கொடுத்தார்கள். 1932 டிசம்பரில் மரியன் ரெயெவ்ஸ்கி என்ற இளம் கணித நிபுணர், அதை வைத்துக்கொண்டு இயந்திரத்தின் உள் கம்பி அமைப்பையே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 1939 ஜூலையில், போருக்குச் சில வாரம் முன்பு, வார்சாவுக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளை வரவழைத்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள்.

பெண் ஒற்றர் என்றாலே மயக்குகிறவர்தானா?

முதல் உலகப் போரில் உளவாளி என்று சுடப்பட்ட நடனக்காரி மாத்தா ஹரி செய்த கெடுதல் அது. ஓல்கா கிரே என்ற தட்டச்சரைப் பற்றிச் சொல்கிறேன்.

எம்.ஐ.5-ல் மேக்ஸ்வெல் நைட் என்று ஓர் அதிகாரி. வீட்டில் பாம்பு, கரடிக்குட்டி, குரங்கு என்று வளர்ப்பார், பிற்காலத்தில் பி.பி.சி.யில் விலங்குகளைப் பற்றிப் பேசிப் பிரபலமானார். காட்டு விலங்கைப் பழக்குகிற பொறுமை இவருக்கு ஆள் நடுவதிலும் இருந்தது. கதவைத் தட்டாதே, அவர்களே உள்ளே கூப்பிடும்வரை காத்திரு என்பதுதான் அவர் முறை.

பர்மிங்காமைச் சேர்ந்த ஓல்கா 1931-ல் சேர்ந்தார். சோவியத் நண்பர்கள் சங்கம் என்ற அமைப்பின் கூட்டங்களுக்குப் போனார், தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமா என்று உதவினார். எதையும் கேட்கவில்லை, எதையும் தேடவில்லை. நல்ல தட்டச்சருக்கு எந்தக் கட்சியிலும் தட்டுப்பாடுதானே. மெல்ல மெல்ல பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹாரி பாலிட் அவரை நம்பத் தொடங்கினார்.

1934-ல் பாலிட் அவரிடம் பணம் கொடுத்து இந்தியக் கம்யூனிஸ்டுகளிடம் சேர்க்கச் சொன்னார். மழைக்காலத்தில், ஒரு காரணமும் இல்லாமல், தனியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் பம்பாய்க்குக் கப்பலேறினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கட்சிக்காரர்களுக்கு அது உறைக்கவில்லை. அவர் மாட்டிக்கொள்ளாமல் போய்வரப் பொருத்தமான சாக்கை யோசிக்கும் கவலை கடைசியில் எம்.ஐ.5-ன் தலையில் விழுந்தது. தங்கள் ஆளைக் காப்பாற்ற, எதிரியின் காரியம் ஒழுங்காக நடக்க உதவ வேண்டிய நிலை!

இரட்டை வாழ்க்கை அவரை உலுக்கியது. நரம்புத் தளர்ச்சியில் மருத்துவமனையில் படுத்தார். விலகிவிடவும் பார்த்தார். 1937-ல் பெர்சி கிளேடிங் என்ற கட்சிக்காரர், லண்டன் ஹாலந்து சாலையில் ஒரு வீட்டை உன் பெயரில் எடு, வாடகை நாங்கள் தருகிறோம் என்றார். உல்விச் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வரைபடங்களை இரவல் எடுத்துவந்து, அந்த வீட்டில் படமெடுத்து, விடிவதற்குள் திருப்பி வைக்கும் ஏற்பாடு. 1938 ஜனவரியில் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் பொட்டலம் கைமாறும்போது கிளேடிங்கைப் பிடித்தார்கள். அவருக்கு 6 வருடம் சிறை.

நீதிமன்றத்தில் ஓல்கா பெயர் சொல்லாமல் 'செல்வி எக்ஸ்' ஆகச் சாட்சி சொன்னார். நீதிபதி அவர் துணிச்சலைப் பாராட்டினார். ஏழு வருடத்துக்கு எம்.ஐ.5 கொடுத்தது 500 பவுண்டு. பிறகு கனடா போய்க் குடும்பமாக வாழ்ந்தார். தன்னைப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் கடைசிவரை இருந்தது.

மாஸ்கோவுக்கு ஒற்றர்களான 'கேம்பிரிட்ஜ் ஐவரை' வலையில் சேர்த்தது யார்?

ஆர்னால்டு டாய்ச். வியன்னாக்காரர், 24 வயதில் வேதியியலில் முனைவர். லண்டனில் மாணவராகப் பதிவு செய்துகொண்டு, 1934 ஜூனில் ரீஜென்ட் பூங்கா பெஞ்சில் அந்த ஐவரில் ஒருவரான கிம் ஃபில்பியைச் சந்தித்தார். அவருடைய யோசனை எளிமையானது: இன்று ரகசியம் கையில் வைத்திருப்பவனைத் தேடாதே, பத்து வருடம் கழித்து வைத்திருக்கப்போகிற மாணவனைப் பிடி. கட்சியோடு தொடர்பை அறுத்துக்கொள், வலதுசாரி வேஷம் போடு என்றார். ஃபில்பி அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்றால், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கமிருந்து டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதி, குண்டடிபட்டு, 1938-ல் ஃபிராங்கோ கையாலேயே பதக்கம் வாங்கினார். மாஸ்கோவின் ஆளுக்குப் பாசிசப் பதக்கம்!

சோவியத் ஒற்றர் தலைவர்களுக்கு ஸ்டாலின் என்ன பரிசு கொடுத்தார்?

தோட்டா. டிரஸ்டைக் கட்டிய ஆர்துஸோவை 1937 ஆகஸ்டில் சுட்டார்கள். யாகுஷேவ் அதே வருடம் சோலோவ்கி முகாமில் இறந்தார். லண்டனில் ஃபில்பியைப் பார்த்துக்கொண்ட, முன்னாள் பாதிரியாரான தியோடர் மாலியைத் திரும்ப அழைத்தார்கள். போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போனார், 1938-ல் கொன்றார்கள். திரும்பிப் போக மறுத்த இக்னேஸ் ரைஸ் 1937 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் சுடப்பட்டுக் கிடந்தார். டோக்கியோவில் ஜெர்மன் பத்திரிகையாளர் வேஷத்தில் இருந்த ரிச்சர்டு ஸோர்கே அழைத்தபோது ஏதேதோ சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். அதனால்தான் 1941 வரை அவரால் தகவல் அனுப்ப முடிந்தது.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டா?

உண்டு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் புரட்சிக்காரர்களைக் கண்காணிக்கவே லண்டனில் இந்திய அரசியல் உளவுப் பிரிவு என்று தனி அலுவலகம் இருந்தது. 1926-லிருந்து 1947 வரை ஃபிலிப் விக்கரி அதன் தலைவர். டெல்லியில் உளவுத்துறைத் தலைவராக 1924 முதல் 1931 வரை இருந்த டேவிட் பெட்ரி, பிற்பாடு எம்.ஐ.5-க்கே தலைவரானார். இவர்களுடைய பெரிய ஆயுதம் தபால்காரர்தான். இந்தியக் கம்யூனிஸ்ட் தலைவர் எம்.என். ராய் ஐரோப்பாவிலிருந்து எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படித்து, நகலெடுத்து, ஒட்டி அனுப்பினார்கள். 1924 கான்பூர் சதி வழக்கு அந்தக் கடிதங்களின் மேல்தான் நின்றது. அதில் சென்னை சிங்காரவேலர் பெயரும் இருந்தது; உடல்நலமின்மையால் அவர் கூண்டில் ஏறவில்லை.

1926 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் படித்த 24 வயது ஃபிலிப் ஸ்பிராட்டை பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி பம்பாய்க்கு அனுப்பியது. மறைமொழியிலும் கண்ணுக்குத் தெரியாத மையிலும் கடிதம் எழுதினார். அவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1929 மார்ச் 20 அன்று நாடு முழுக்கக் கைதுகள், மீரட் சதி வழக்கு. தொழிலாளர் நிறைந்த பம்பாயையோ கல்கத்தாவையோ விட்டு மீரட்டைத் தேர்ந்தெடுத்தது, அங்கே ஜூரி இல்லாமல் நடத்தலாம் என்பதற்காக. நாலு வருடம் இழுத்த வழக்கில் ஸ்பிராட்டுக்கு 12 வருடம் விதித்து, மேல்முறையீட்டில் இரண்டு வருடமாகக் குறைத்தார்கள்.

சிறையில் படித்துப் படித்து ஸ்பிராட்டின் நம்பிக்கை கரைந்தது. சிங்காரவேலர் குடும்பத்துப் பெண்ணான சீதாவை 1939-ல் மணந்து இங்கேயே தங்கிவிட்டார். பெங்களூரில் பத்திரிகை வேலை. பிறகு சென்னையில் ராஜாஜி பக்கம் நின்ற 'ஸ்வராஜ்யா'வில் கம்யூனிசத்துக்கு எதிராக வாராவாரம் எழுதினார். 1971-ல் சென்னையிலேயே இறந்தார்.